மௌஸில் எல்லையும் மண்ணுக்கடியில் கிடந்த எண்ணெயும்

எதற்கும் துணிந்த சூழ்ச்சிக்காரனை 'எம்டன்' என்று சுட்டும் வழக்கு தமிழகத்தில் உண்டு. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, அப்பெயர் கொண்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு இருளில் மறைந்தது. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு ஓடினர். அக்கப்பல் குறிவைத்தது கோட்டையையன்று. கரையோரம் நின்ற எண்ணெய்த் தொட்டிகளை. தீப்பற்றி எரிந்த அத்தொட்டிகள் பர்மா ஆயில் கம்பெனிக்கு உரியவை. அதே கம்பெனிதான் பாரசீகத்தில் எண்ணெய் எடுக்கப் பிறந்த ஆங்கிலோ-பாரசீகக் கம்பெனியின் தாய் நிறுவனம் என்பதை அன்றைய சென்னைவாசிகளில் எத்தனை பேர் அறிந்திருப்பர்? எண்ணெய்க்காக நிகழ்ந்த போரின் ஒரு பொறி நம் கடற்கரையிலும் விழுந்தது. அப்போரின் முடிவில், உதுமானியப் பேரரசிடமிருந்து பிரிக்கப்பட்ட மௌஸில் மாகாணத்தின் எல்லை எவ்வாறு வரையப்பட்டது என்பதையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கதை பிரிட்டனில் தொடங்குகிறது. அத்தீவின் கடற்படை வலிமை அனைத்தும் வேல்ஸ் பகுதியின் நிலக்கரியில் அடங்கியிருந்தது. சொந்த மண்ணில் தோண்டிய கரி, சொந்தத் தொழிலாளி, சொந்த இரயில். எவரிடமும் கைநீட்ட வேண்டிய நிலை இல்லை. ஆனால் எண்ணெயில் ஓடும் கப்பல் கரிக்கப்பலினும் விரைந்து செல்லும்; கரி அள்ளிப் போடும் ஆட்கள் வேண்டியதில்லை; நடுக்கடலிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம். ஜெர்மனியோடு கப்பல் கட்டும் போட்டி முற்றியிருந்த காலம் அது. 1911இல் கடற்படை அமைச்சரான வின்ஸ்டன் சர்ச்சில், தளபதி பிஷரின் தூண்டுதலை ஏற்று, எண்ணெய்ப் பக்கம் சாய்ந்தார். 1912ஆம் ஆண்டுத் திட்டத்தில் இடம்பெற்ற 'குயீன் எலிசபெத்' வகைப் பெரும் போர்க்கப்பல்கள் எண்ணெயை மட்டுமே எரிப்பவையாக அமைக்கப்பட்டன.

இம்முடிவின் கனத்தைச் சிறிது நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடற்படையின் பசியைத் தீர்க்கும் அளவு எண்ணெய் பிரிட்டனில் எங்கும் இல்லை. தன் உயிர்நிலையாகக் கருதிய படையை, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பிறர் மண்ணில் சுரக்கும் பொருளிடம் ஒரு வல்லரசு அறிந்தே ஒப்படைத்தது. அன்றுமுதல் அப்பொருள் சுரக்கும் நாட்டின் ஆட்சியாளர் யார், அண்டை நாட்டுடன் அதன் எல்லை எது, அதன் மலைக்குடித் தலைவர்கள் எவர் பக்கம் என்பனவெல்லாம் இலண்டன் நகரத்தின் உள்நாட்டுக் கவலைகளாகிவிட்டன.

பாரசீகத்தில் வழி முன்னமே திறக்கப்பட்டிருந்தது. 1901 மே 28 அன்று வில்லியம் நாக்ஸ் டார்சி என்னும் செல்வர், ஷா முஸப்பருத்தீனிடமிருந்து 60 ஆண்டுகளுக்கு எண்ணெய் எடுக்கும் உரிமையைப் பெற்றார். ரொக்கம் 20,000 பவுன், அதே மதிப்புக்குப் பங்குகள், நிகர இலாபத்தில் நூற்றுக்கு 16 என்பது விலை. வடக்கே ரஷ்யாவை அடுத்த ஐந்து மாகாணங்கள் மட்டும் இவ்வுரிமையிலிருந்து விலக்கப்பட்டன. ரஷ்யாவின் சினத்துக்கு அஞ்சியே இந்த ஏற்பாடு. எண்ணெய் ஊறுமுன்னரே, அதற்கான கோடு நிலப்படத்தில் விழுந்துவிட்டது. டார்சியின் பணம் கரையவே, பிரிட்டிஷ் கடற்படைத் துறையின் தூண்டுதலால் பர்மா ஆயில் கம்பெனி 1905இல் கைகொடுத்தது. 1908 மே 26 அன்று மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. மறு ஆண்டில் ஆங்கிலோ-பாரசீகக் கம்பெனி உருவாயிற்று. எண்ணெய் குழாய் வழியே அபாதான் தீவுக்கு வந்து சேர்ந்தது. தீவின் நிலத்தை முஹம்மராவின் ஷெய்கு கஸ்அல் குத்தகைக்குக் கொடுத்தார். தெஹ்ரானில் ஒரு ஷா இருக்க, அவருடைய எல்லைக்கு உட்பட்ட ஒரு ஷெய்குடன் பிரிட்டன் தனியே உறவு பேணியது என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1914 ஜூன் 17 அன்று, இக்கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை 22 இலட்சம் பவுனுக்கு அரசே வாங்கும் தீர்மானம் பிரிட்டிஷ் மக்கள் சபையில் 254 வாக்குகளுக்கு 18 என்ற கணக்கில் நிறைவேறியது. இரண்டு திங்களுக்குள் போர் மூண்டது.

இவ்விடத்தில் பலரும் கவனியாது விடும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1913 நவம்பரில், துருக்கி-பாரசீக எல்லையை முடிவு செய்ய இஸ்தான்பூலில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எல்லை துருக்கிக்கும் பாரசீகத்துக்கும் உரியது. ஆனால் கையெழுத்திட்டவர்களில் பிரிட்டனும் ரஷ்யாவும் அடக்கம். அதன்படி கானகீன் வட்டாரத்து நிலம் சிறிது பாரசீகத்திடமிருந்து துருக்கிக்கு மாறியது. டார்சியின் ஆட்கள் முதன்முதலில் துளையிட்டுப் பார்த்த சியா சுர்க் அப்பகுதியிலேயே இருந்தது. நிலம் கைமாறினால் ஷா கொடுத்த உரிமை என்னாவது? அதற்கும் உடன்படிக்கையிலேயே வழி செய்திருந்தார்கள். மாறிய நிலத்திலும் டார்சியின் உரிமை முன்போலவே முழுமையாகச் செல்லும் என்று ஒரு பிரிவு எழுதப்பட்டது. எல்லை நகரலாம், அரசர் மாறலாம், கம்பெனியின் உரிமை மட்டும் அசையாது. பின்னாளில் மௌஸிலில் நடந்தவற்றின் வித்து இதிலேயே இருந்ததென்பது நம் கருத்து.

உதுமானியப் பேரரசின் மௌஸில், பக்தாத் மாகாணங்களிலும் எண்ணெய் உண்டென்பது நெடுநாள் அறிந்த செய்தி. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அந்நிலங்களைத் தம் சொந்த உடைமைக் கணக்கில் சேர்த்து வைத்தார். அவர் பதவியிழந்த பின் ஜெர்மானிய வங்கியும், ஷெல் கம்பெனியும், ஆங்கிலோ-பாரசீகக் கம்பெனியும் போட்டியிட்டுப் பின் கூடி, 'துருக்கிப் பெட்ரோலியக் கம்பெனி' என்ற பெயரில் ஒன்றாயின. பெயர்தான் துருக்கி, துருக்கியர் எவருக்கும் அதில் பங்கில்லை. அக்கம்பெனிக்குக் குத்தகை தர இசைவதாக முதலமைச்சர் ஸயீத் ஹலீம் பாஷா எழுதிய கடிதத்தின் தேதி 1914 ஜூன் 28. ஸராயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டு, உலகப் போருக்குத் திரி கொளுத்தப்பட்டதும் அதே நாளில்தான்.

துருக்கி போரில் இறங்கியவுடன், 1914 நவம்பர் 6 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படை பாரசீக வளைகுடாவின் தலைப்பில் பாவ் முனையில் கரையேறியது. அபாதான் ஆலையையும் குழாயையும் காப்பது அப்படைக்கு இட்ட பணிகளுள் ஒன்று. அம்மாதமே பஸரா வீழ்ந்தது. காவலுக்கென வந்த படை அத்துடன் நிற்கவில்லை. குழாயைக் காக்கப் பஸரா வேண்டும். பஸராவைக் காக்க அமாரா வேண்டும். அமாராவைக் காக்கக் கூத் வேண்டும் என்று ஆற்றோரமாகவே அது ஏறிச் சென்றது. 1916 ஏப்ரல் 29 அன்று கூத்தில் பட்டினியால் பணிந்து சுமார் 13,000 பேர் சிறைப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். 1917 மார்ச் 11 அன்று பக்தாத் பிடிபட்டது.

இப்படையில் இருந்த முஸ்லிம் வீரரின் உள்ளத்தை எந்த அரசாங்க அறிக்கையும் முழுமையாக எழுதியதில்லை. எதிரே நிற்பது கலீபாவின் படை. செல்லும் வழி கர்பலா, நஜப், பக்தாத் என்று நெஞ்சில் பதிந்த ஊர்களை நோக்கிய வழி. 1916 பிப்ரவரியில் பஸராவில் இருந்த 15ஆம் லான்சர் குதிரைப்படையின் முஸ்லிம் வீரர்கள் முன்னேற மறுத்து, இராணுவ நீதிமன்றத்தின் தண்டனைக்கு ஆளாயினர். சென்னை சாப்பர்ஸ் படைப்பிரிவினரும் அம்மண்ணில் பாலம் கட்டினர், பாதை அமைத்தனர். தாம் காத்தது எதனை என்று அவர்களுக்கு எவரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

போரின் கடைசி ஆண்டில் எண்ணெயின் அருமை எல்லார்க்கும் புரிந்துவிட்டது. பிரெஞ்சுப் பிரதமர் கிளெமென்ஸோ, பெட்ரோல் அனுப்பும்படி அமெரிக்க அதிபர் வில்சனை மன்றாடிக் கேட்டிருந்தார். பிரிட்டிஷ் போர் அமைச்சரவையின் செயலர் ஹேங்கி, 1918 கோடையில் வெளியுறவு அமைச்சர் பால்பருக்கு எழுதும்போது, பாரசீக, மெசபடோமிய எண்ணெயைக் கைக்கொள்வதே போரின் முதன்மைக் குறிக்கோளாக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆனால் ஓர் இடையூறு இருந்தது. 1916ஆம் ஆண்டு இரகசியமாகச் செய்துகொண்ட சைக்ஸ்-பிகோ ஒப்பந்தத்தில், மௌஸிலைப் பிரான்ஸின் வட்டத்தில் சேர்த்துப் பிரிட்டனே ஒப்பமிட்டிருந்தது.

1918 அக்டோபர் 30 அன்று முத்ரோஸில் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது மௌஸில் நகரம் துருக்கியர் கையில்தான் இருந்தது. பிரிட்டிஷ் படை நிற்கவில்லை. முக்கிய இடங்களைத் தேவைப்படின் கைப்பற்றலாம் என்ற போர்நிறுத்த விதியைக் காட்டி, நவம்பரில் நகருக்குள் நுழைந்தது. போர் ஓய்ந்த பின் எடுத்த நிலம் என்ற இக்குறை துருக்கியர் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று. அவர்களுடைய 1920ஆம் ஆண்டுத் தேசிய உறுதிமொழி, போர்நிறுத்த நாளன்று தம் கையிலிருந்த நிலத்தைப் பிரிக்கவொண்ணாத தாயகம் என்று உரிமை கொண்டாடியதன் பொருள் இதுவே. அடுத்த மாதம் கிளெமென்ஸோ இலண்டன் சென்றார். லாயிட் ஜார்ஜ் மௌஸில் வேண்டும் என்றார். பிரெஞ்சுக்காரர் தந்தோம் என்றார். ஒரு மாகாணம் கைமாறிய அப்பேச்சுக்கு அவ்விடத்தில் எழுத்துப் பதிவு எதுவும் வைக்கப்படவில்லை. விலை பின்னர் தெரிந்தது. 1920 ஏப்ரலில் ஸான் ரெமோ மாநாட்டில், ஜெர்மானிய வங்கிக்குரிய கால் பங்கு பிரான்ஸுக்குச் சென்றது. பதிலுக்குச் சிரியா வழியே குழாய் செல்லப் பிரான்ஸ் இடமளித்தது.

அதே காலத்தில்தான் இந்தியாவில் கிலாபத் இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்தது. மௌலானா முஹம்மது அலியின் தூதுக்குழு 1920 மார்ச்சில் லாயிட் ஜார்ஜை நேரில் கண்டு, ஜஸீரத்துல் அரப் முஸ்லிம் ஆட்சியிலேயே இருத்தல் வேண்டும் என்று வாதாடியது. சென்னை மாகாணத்தில் யாகூப் ஹசன் சேட் முதலியோர் அக்குரலை ஊர்தோறும் எழுப்பினர். சமயத்தின் பேரால் எழுந்த அவ்வேண்டுகோளுக்கு, சமயத்தோடு தொடர்பற்ற ஒரு பொருள் குறுக்கே நின்றது என்பதை இன்று நாம் காண்கின்றோம். தூதுக்குழுவினர் வாதத்தில் தோற்கவில்லை. அவர்களோடு வாதிட்டவர் உள்ளத்தில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

1922 இறுதியில் லோஸான் மாநாடு கூடியது. இஸ்மத் பாஷா மௌஸில் மக்களின் வாக்கைக் கேட்போம் என்றார். கர்ஸன் பிரபு, அம்மக்களுக்கு வாக்கெடுப்பின் பொருளே தெரியாது என்று தட்டிக் கழித்தார். தம் வாதத்துக்கும் எண்ணெய்க்கும் எள்ளளவும் தொடர்பில்லை என்றும் அவர் அடித்துச் சொன்னார். 1923 ஜூலை 24 அன்று கையெழுத்தான உடன்படிக்கையில் மௌஸில் மட்டும் முடிவுறாது விடப்பட்டு, பின்னர் சர்வதேச சங்கத்தின் முன் சென்றது.

சங்கம் மூவர் குழுவை அனுப்பியது: ஹங்கேரியின் டெலெக்கி, ஸ்வீடனின் விர்ஸன், பெல்ஜியத்தின் பாலிஸ். 1925 தொடக்கத்தில் அவர்கள் ஊர் ஊராகச் சென்று விசாரித்தனர். இனத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், மக்களில் எட்டில் ஐந்து பங்கினர் குர்துகளாதலின், தனிக் குர்து நாடு அமைப்பதே முடிவாக இருக்கும் என்று அவர்களே எழுதினர். எழுதிவிட்டு அம்முடிவைக் கைவிட்டனர். பிரிட்டனின் மேற்பார்வை 25 ஆண்டுகள் நீடிக்குமாயின் மாகாணம் இராக்குடன் சேரலாம் என்பது அவர்கள் பரிந்துரை. அரபுகள், துருக்கியர், குர்துகள் என்ற மூவரிடையே எழுந்த வழக்கில், நான்காமவரின் காவல் தீர்ப்பின் நிபந்தனையாயிற்று!

குழு தன் பணியை முடிக்குமுன்னே நடந்த ஒன்றை மறக்கலாகாது. 1925 மார்ச் 14 அன்று இராக் அரசு துருக்கிப் பெட்ரோலியக் கம்பெனிக்கு 75 ஆண்டு உரிமையை எழுதிக் கொடுத்தது. மௌஸில் எந்த நாட்டுக்கு உரியது என்று முடிவாகாதபோதே மௌஸிலின் எண்ணெய் யாருக்கு என்பது முடிவாகிவிட்டது. ஸான் ரெமோவில் உள்நாட்டவருக்குப் பேசப்பட்ட நூற்றுக்கு 20 பங்கு இராக்குக்குக் கிடைக்கவில்லை. டன்னுக்கு 4 ஷில்லிங் மட்டும் கிடைத்தது. இதை ஏற்க மாட்டாத அமைச்சர் இருவர் பதவி விலகினர். மௌஸில் வேண்டுமாயின் பிரிட்டனின் துணை வேண்டும், துணை வேண்டுமாயின் கம்பெனியின் ஒப்பந்தம் வேண்டும் என்ற நெருக்கடியில் மன்னர் பைஸலின் அரசு சிக்கியிருந்தது. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

1925 டிசம்பர் 16 அன்று சங்கம் மாகாணத்தை இராக்குக்கு அளித்தது. உள்நாட்டுக் கலகமும் போரின் களைப்பும் வாட்ட, துருக்கி 1926 ஜூன் 5 அன்று அங்காராவில் ஒப்பமிட்டது. இராக்குக்குக் கிடைக்கும் எண்ணெய் வருவாயில் நூற்றுக்கு 10 பங்கு 25 ஆண்டுகளுக்குத் துருக்கிக்குச் சேரும் என்பது ஒரு விதி. எண்ணெய்க்கும் எல்லைக்கும் தொடர்பே இல்லையென்று கர்ஸன் சொன்ன வழக்கு, எண்ணெய்ப் பணத்தைக் கொடுத்தே முடிக்கப்பட்டது. மறு ஆண்டு அக்டோபரில் கிர்கூக்கை அடுத்த பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டெழுந்தது. பல நாட்கள் அடக்க முடியாமல் பள்ளத்தாக்கையே நனைத்தது.

எல்லாம் எண்ணெயே என்று சொல்லிவிட நாம் துணியவில்லை. வடக்கு மலைகள் இல்லாமல் பக்தாதைக் காக்க இயலாது என்று படைத்தலைவர்கள் கூறினர். மௌஸிலின் சுன்னி மக்கள் இல்லையேல் தம் அரசு நிலைகொள்ளாது என்று பைஸல் அஞ்சினார். பிரிட்டனிலேயே, மெசபடோமியாவுக்குக் கொட்டும் பணம் போதும், வெளியேறுங்கள் என்று பத்திரிகைகள் கூக்குரலிட்டன. இவையெல்லாம் உண்மை. ஆயினும் அக்கூக்குரலையும் மீறி அவர்களை அங்கே நிறுத்தி வைத்தது எது என்று கேட்டால், மற்றக் காரணங்கள் வலுவிழக்கின்றன. வியப்பு என்னவெனில், எண்ணெய் கிடைத்த பின்னும் கம்பெனி விரைந்து எடுக்கவில்லை. பங்காளிகளுக்கு வேறிடங்களில் எண்ணெய் மிகுந்திருந்தது. 1927இல் கண்ட எண்ணெய் 1934இல்தான் கடலை அடைந்தது. பிறர் கையில் சேராதிருப்பதும் அவர்களுக்கு ஓர் ஆதாயமே.

குழாய் போட்ட முறையைப் பார்த்தாலே உறவுகளின் நிலை விளங்கும். கிர்கூக்கிலிருந்து வந்த குழாய் ஹதீதாவில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த திரிப்போலிக்கும், மற்றொன்று பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஹைபாவுக்கும் சென்றன. ஒருவர் மண்ணின் வழியே தன் எண்ணெய் வர மற்றவர் மனம் ஒப்பவில்லை. ஹைபாக் கிளை பிறர் நிலத்தை மிதிக்காமல் செல்ல, இராக்கும் டிரான்ஸ்ஜோர்டானும் ஒட்டியிருக்க வேண்டும். அதற்கான பாலைவன நடைபாதையை 1925 நவம்பரில் ஹத்தா உடன்படிக்கை மூலம் இப்னு ஸுஊதிடமிருந்து பிரிட்டன் உறுதி செய்துகொண்டிருந்தது. விமானப் பாதையும் இரயில் திட்டமும் அந்நோக்கத்தில் சேர்ந்திருந்தன. இன்றைய ஜோர்டான் கிழக்கே ஒரு கை நீட்டியதுபோல் நிலப்படத்தில் தோன்றுவதன் காரணம் இதுவே. அதனால் நஜ்து நாட்டுக்கும் சிரியாவுக்கும் பொது எல்லை இல்லாமற் போயிற்று.

இவ்வளவு பாடுபட்டு அமைத்த வழியில் ஹைபாக் கிளை 1948இல், பலஸ்தீனம் துண்டாடப்பட்டபோது, நின்றுபோயிற்று. பின்பு எண்ணெய் சிரியா வழியே சென்றது. 1956 நவம்பரில் பிரிட்டனும் பிரான்ஸும் எகிப்தின் மீது பாய்ந்தபோது, சிரியர்கள் இராக் குழாயின் நீரேற்று நிலையம் போன்ற மூன்று எண்ணெய் உந்து நிலையங்களைத் தகர்த்தனர். ஸுயஸ் கால்வாயும் அடைபட்டிருந்தது. ஸவூதி அரேபியா எண்ணெய் தர மறுத்தது. படைகள் விலகும்வரை உதவ முடியாதென அமெரிக்க அதிபர் ஐஸனோவர் கையை விரித்தார். அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்தது. படை விலகியது. சர்ச்சில் வேல்ஸ் கரியை விட்ட நாளிலிருந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, கரியை விட்டதன் கடன் அந்நாட்டு வீதிகளில் வசூலிக்கப்பட்டது.

1972 ஜூன் 1 அன்று இராக் அக்கம்பெனியை நாட்டுடைமையாக்கியது. சிரியாவை நம்பாத பக்தாத், கிர்கூக் எண்ணெயைத் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்குக் கொண்டு செல்ல ஒப்பந்தம் செய்தது. 1977இல் அக்குழாய் திறக்கப்பட்டது. 1926இல் துருக்கி இழந்த மண்ணின் எண்ணெய் இவ்வாறு துருக்கியின் மண் வழியே கடலுக்கு ஓடியது. அக்குழாயின் வழியே பக்தாதின் ஒப்புதலின்றிக் குர்துப் பகுதியின் எண்ணெயை அனுப்பியது சரியா என்ற வழக்கில், 2023 மார்ச்சில் பன்னாட்டு நடுவர் மன்றம் துருக்கி இராக்குக்கு ஏறத்தாழ 150 கோடி டாலர் ஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்த்தது. குழாய் மூடப்பட்டது. 2025 செப்டம்பரில்தான், பக்தாதும் குர்துகளும் கம்பெனிகளும் உடன்பட்ட பின், எண்ணெய் மீண்டும் வடக்கு நோக்கி ஓடத் தொடங்கியது.